58 மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்கிறார் முதலாளி

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். வாஷியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் நிறுவனத்தில் 9 ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறார். மொத்தம் 22 பேர் வேலை செய்யும் இடம். முதலாளியும் ஊர்க்காரர்தான், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, துறைமுகத்திலிருந்து வழக்கமாக டிரெய்லர் ஓட்டும் டிரான்ஸ்போர்ட்காரர் பெயரில் மின்னஞ்சல் வருகிறது. பழைய பில் பற்றிய அதே உரையாடலின் தொடர்ச்சி. பில்லும் இணைப்பில் இருக்கிறது. ‘எங்கள் கணக்கு ஆடிட்டில் மாட்டியிருக்கிறது, இந்த முறை மட்டும் புதிய கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று கூடுதலாக ஒரு வரி. வாசகி 8,70,000 ரூபாயை ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பிவிட்டார். திங்கள் மதியம் உண்மையான டிரான்ஸ்போர்ட்காரர் போன் செய்து பணம் வரவில்லையே என்றபோதுதான் விஷயம் புரிந்தது. முகவரியைத் திரும்பப் பார்த்தால், ஆங்கில ‘எம்’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன.

பயத்தில் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. தானே வங்கிக் கிளைக்கு ஓடி ஒரு கடிதம் கொடுத்தார். செவ்வாய் மாலைதான் சொன்னார். புதன்கிழமை கம்ப்யூட்டர்காரர் வந்து அவருடைய கணினியை ஃபார்மட் செய்துவிட்டார். போலீசுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும், பார்ட்டிகள் ஓடிவிடுவார்கள் என்று அண்ணாச்சி தடுத்துவிட்டார். இப்போது 12 நாள் ஆகிறது. 32,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 15,000 பிடித்துக்கொள்வேன் என்கிறார். ‘என் கவனக்குறைவால் நஷ்டம்’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார். கூடவே, இனி இப்படி நடக்காமலிருக்க என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதித் தரும் வேலையையும் இவரிடமே ஒப்படைத்திருக்கிறார். ஒரு விற்பனையாளர் ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும் சேர்த்து 2,40,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்.

வாசகி கேட்பது மூன்று. பணம் திரும்பி வருமா? நான் கட்டித்தான் ஆக வேண்டுமா? அந்த ஃபயர்வாலை வாங்கினால் போதுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். பரிவர்த்தனையின் யுடிஆர் எண் (வங்கி அதற்குத் தரும் அடையாள எண்), தேதி, நேரம், தொகை, பணம் போன கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் அதையே பதிவு செய்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் அதன்பின் பேசலாம்.

பணம் திரும்புமா?

12 நாள் என்பது நீண்ட காலம்தான். பூசி மெழுக விரும்பவில்லை. இப்படிப் போகும் பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவரிடம் முதலில் சேரும். அங்கிருந்து சில்லறை சில்லறையாகப் பிரிந்து பல கணக்குகளுக்குப் போகும், கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறும். 1930-இல் புகார் பதிவானதும் வங்கிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தகவல் போய், அந்த நேரத்தில் எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அது முடக்கப்படுகிறது. முதல் சில மணி நேரத்தில் இதைச் செய்தால் பெருந்தொகை தப்பக்கூடும். நாளாக ஆக, மாட்டுவது மிச்சம் மீதிதான். ஆனாலும் மிச்சம் மீதி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். முடக்கிய பணத்தை நீதிமன்ற உத்தரவு மூலம் திரும்பப் பெறுவதற்கு குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதற்குப் புகார் பதிவாகியிருக்க வேண்டும். வங்கிக் கிளையில் நீங்கள் கொடுத்த கடிதம் இதற்கு ஈடாகாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன, இரண்டையும் திருத்தியாக வேண்டும். மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கியே பணத்தைத் தரும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. வாடிக்கையாளருக்குத் தெரியாமல், அவர் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கு உரியது. இங்கே லாகின் செய்ததும் ஓடிபி போட்டதும் நீங்கள். ஏமாற்றப்பட்டுச் செய்திருந்தாலும் வங்கியின் கண்ணுக்கு அது நீங்கள் அனுமதித்த பரிவர்த்தனைதான்.

‘பெயர் சரியாகத்தானே போட்டேன், கணக்கு வேறு ஆளுடையது என்று வங்கி பார்த்திருக்க வேண்டாமா’ என்பது இரண்டாவது. நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கப்பட்டு வந்திருக்கிறது. எண் சரியா என்று பார்க்கும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. இந்த ஓட்டையை அடைக்கத்தான், பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் நெட்பேங்கிங்கில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். அன்று அதை அழுத்தியிருந்தால் முன்பின் தெரியாத ஒருவர் பெயர் வந்திருக்கும்.

பணம் போய்ச் சேர்ந்த வங்கி, அந்தக் கணக்கைத் திறக்கும்போது அடையாளச் சரிபார்ப்பில் கோட்டை விட்டிருந்தால் அதையும் சும்மா விட வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பு அதிகாரி ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் அவர். அந்த மனுவை நிறுவனம் போட வேண்டும், நீங்கள் அல்ல.

கையெழுத்துப் போடாதீர்கள்

உங்கள் சம்பளம் பற்றியது. 8,70,000-ஐ 15,000-ஆல் வகுத்தால் 58 மாதம். கிட்டத்தட்ட ஐந்து வருடம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ஊழியரிடம் ஒப்படைத்த பணம் அவருடைய அலட்சியத்தால் நேரடியாகப் போனால் பிடித்தம் செய்ய இடம் கொடுக்கிறது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் அதே சட்டம் முதலாளிக்கு இரண்டு கடிவாளங்களையும் போடுகிறது. உங்கள் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 15,000 பாதிக்குக் கீழே இருப்பதாகத் தோன்றும். பிஎஃப் பிடித்தமும் அந்தப் பாதிக்குள்தான் சேரும் என்பதைக் கவனியுங்கள். மாதம் 1,800 பிஎஃப் போகிறதென்றால் 16,800 ஆகிவிடும். 32,000-இல் பாதி 16,000.

உச்சவரம்பைவிட, அலட்சியம் என்ற சொல்தான் இங்கே முக்கியம். வங்கி விவரம் மாறினால் போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்ட விதி ஏதாவது இருந்ததா? பெரிய தொகைக்கு இரண்டாவது ஆளின் ஒப்புதல் தேவை என்ற ஏற்பாடு இருந்ததா? ஒரு முறையாவது பயிற்சி கொடுத்தார்களா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எதுவுமில்லை. நெட்பேங்கிங்கில் பதிவு செய்வதும் ஒப்புதல் கொடுப்பதும் இரண்டுமே உங்கள் கையில் இருந்திருக்கின்றன, அண்ணாச்சியின் ஓடிபி போனும் உங்கள் மேசையில். மீறுவதற்கு ஒரு விதியே இல்லாத இடத்தில் அலட்சியம் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. ‘என் கவனக்குறைவால்’ என்று முத்திரைத்தாளில் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், இந்த வாதம் அத்தனையும் ஒரே கையெழுத்தில் போய்விடும்.

அதற்குப் பதிலாக உங்கள் வார்த்தையில் ஒரு விவரக் குறிப்பு எழுதுங்கள். எப்போது மின்னஞ்சல் வந்தது, எப்போது பணம் அனுப்பினீர்கள், எப்போது தெரிந்தது, யாரிடம் எப்போது சொன்னீர்கள். நடந்தது மட்டும். செவ்வாய் மாலைவரை சொல்லாமல் இருந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு பிரதியில் நிறுவனத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் புத்தி மழுங்கிவிட்டதால் ஏமாந்ததாக நினைத்துத் தூங்காமல் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 2024-இன் தொடக்கத்தில் வெளிவந்த செய்தி ஒன்று சொல்கிறேன். ஆரூப் என்ற பெரிய பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர் வீடியோ அழைப்பில் தன் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் நேரில் பார்த்து, பேசி, 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். திரையில் இருந்த முகங்கள் எல்லாமே கணினியில் தயாரித்தவை. வெள்ளிக்கிழமை மாலையும் தற்செயல் அல்ல. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலரைத் திருடியவர்கள் கைவைத்தது ஒரு வியாழன் இரவு. மறுநாள் வங்கதேசத்தில் வார விடுமுறை, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. யாரும் யாரையும் போனில் பிடிக்க முடியாத நாட்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

அண்ணாச்சியிடம் காட்ட வேண்டியது

இந்தப் பகுதியை அவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

அண்ணாச்சி, போன பணம் உங்கள் உழைப்பு. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொறுப்பைச் சரியான வரிசையில் பார்க்க வேண்டும். திங்கள் மதியம் இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உங்களிடம் சொல்ல செவ்வாய் மாலை ஆகிவிட்டது. இடையில் போன அந்த ஒன்றரை நாளில் பணம் கை மாறிக்கொண்டே இருந்தது. அவர் வாயைக் கட்டியது உங்கள் மேலிருந்த பயம். இப்போது அவர் சம்பளத்தைப் பிடித்தால், மீதி 21 பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நாளை வேறொரு பையன் தவறான இணைப்பைத் திறந்துவிட்டால் கணினியை அணைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுவான். காலையில் வந்து பார்த்தால் கணக்கு மென்பொருளான டேலி திறக்காது.

‘நாம என்ன பெரிய பேங்க்கா, நம்மள யார் குறிவைக்கப் போறா’ என்று சொன்னீர்களாம். உங்களிடம் இறக்குமதியாளர்களின் பான், ஆதார் நகல்கள், ஐஇசி என்ற இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண், அவர்கள் என்ன சரக்கு என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்கிறது. அவர்கள் பெயரில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஆவணம் போடும் அதிகாரமும் இருக்கிறது. சின்ன அலுவலகம், பூட்டு கிடையாது, உள்ளே பெரியவர்களின் சாவிகள். திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறிவைக்காமலும் அடி விழும். 2017 ஜூன் 27 உங்களுக்கு நினைவிருக்கும். நவசேவாவிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் கப்பல் குழுமத்தின் முனையம் முடங்கியது. நாட்பெட்யா என்ற அந்தத் தாக்குதல் ஏவப்பட்டது உக்ரைன் மீது, அங்குள்ள வரிக் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாக. நவசேவாவுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெர்ஸ்க் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. அவர்களுடைய வலையமைப்பின் மூல விவரம் உலகம் முழுக்க அழிந்துபோக, கானா அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில் மட்டும் பிழைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் போய், இணைப்பு அறுந்து கிடந்ததுதான் காரணம். பேக்கப் பற்றிக் கீழே சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீசுக்குப் போனால் கணினியையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. இது மாதிரிப் புகாருக்கு முதலில் தேவைப்படுவது அந்த மின்னஞ்சல் அதன் முழுத் தலைப்பு விவரங்களுடன் (எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று காட்டும் ‘ஹெடர்’), வங்கி அறிக்கை, டிரான்ஸ்போர்ட்காரரின் உண்மையான பில், நீங்கள் கொடுக்கும் விவரக் குறிப்பு. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318, 319, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிட்டு உங்கள் பகுதி சைபர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதன் படிவம் அந்தச் சட்டத்தின் இணைப்பிலேயே இருக்கிறது.

கணினியை ஃபார்மட் செய்தது பெரிய தவறு. வீட்டில் திருடு போனதும் தரையைக் கழுவிவிட்ட மாதிரி. அந்த ஹார்ட் டிஸ்கை இனிப் பயன்படுத்தாமல் கழற்றி, உறையிலிட்டு, தேதி எழுதி வையுங்கள். மின்னஞ்சல் சேவையில் யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்ற பதிவு இன்னும் இருக்கும். சில மாதங்களில் அதுவும் தானாக அழிந்துவிடும், இந்த வாரமே இறக்கி வையுங்கள்.

அரசாங்கத்துக்குச் சொல்லும் கடமையும் இருக்கிறது. கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவின்படி, போலி மின்னஞ்சல் மோசடி, அனுமதியற்ற நுழைவு போன்றவை தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 25 முதல் இது பொருந்துகிறது. உங்களுக்குக் கெடு தாண்டிவிட்டது. தாமதத்தின் காரணத்தை எழுதி இப்போதாவது அனுப்புங்கள். 1800-11-4949 அவர்களுடைய இலவச எண்.

டிரான்ஸ்போர்ட்காரரின் கடன் தீரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திருடனுக்குக் கொடுத்த பணம் அவருக்குக் கொடுத்ததாகாது. ஆனால் அவருடைய மெயில்பாக்ஸ் உடைக்கப்பட்டுத்தான் பழைய உரையாடல் திருடன் கைக்குப் போனது என்று தெரிந்தால், நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி பேச நியாயம் இருக்கிறது. யாருடைய மெயில் உடைந்தது என்பதற்கும் அந்தப் பதிவுகள்தான் சாட்சி.

இனி என்ன செய்வது

சகோதரி, நீங்கள் எழுதித் தர வேண்டிய திட்டத்துக்கு வருவோம். 2,40,000 ரூபாய் ஃபயர்வால் கெட்ட பொருள் அல்ல. ஆனால் உங்களுக்கு வந்தது வெறும் மின்னஞ்சல். அதில் வைரஸும் இல்லை, தடுக்க வேண்டிய லிங்க்கும் இல்லை. அந்த ஃபயர்வால் அன்று இருந்திருந்தாலும் 8,70,000 போயிருக்கும். முதலில் காசு செலவாகாததைச் செய்யுங்கள்.

பணம் அனுப்பும் வழக்கம். யாருடைய வங்கி விவரம் மாறினாலும், மாற்றச் சொன்ன மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்ய வேண்டும். அவர்கள் கூப்பிட்டால் கணக்கில் சேராது, வாட்ஸ்அப் குரலும் வீடியோவும் சேராது. புதிய கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அதே பழைய எண்ணில் கேளுங்கள். 50,000-க்கு மேல் எதுவானாலும் ஒருவர் பதிவு செய்ய, வேறொருவர் தன் போனிலிருந்து ஒப்புதல் தர வேண்டும். நிறுவனக் கணக்குகளுக்கு வங்கிகளே இந்த ஏற்பாட்டைத் தருகின்றன, கேட்டு வாங்க வேண்டியதுதான். அண்ணாச்சி போன் அண்ணாச்சியிடமே இருக்கட்டும். அவரே அவசரம் என்று மெசேஜ் போட்டாலும் இந்த விதி தளரக் கூடாது, அதை அவரே எழுதிக் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். என் அலுவலகத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறோம். ஒருமுறை நான் விமான நிலையத்திலிருந்து அவசரமாகப் பணம் அனுப்பச் சொன்னபோது என் ஜூனியர் மறுத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே அனுப்பினார். அன்று அவரைப் பாராட்டினேன்.

மின்னஞ்சல். எல்லோருடைய கணக்கிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் நிறுவனத்தை நிறுத்திவைத்தது, இந்தச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல். அந்தக் கணக்கை யாரும் பயன்படுத்துவதுகூட இல்லை. உங்கள் அலுவலகத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் மெயில் ஐடிகள் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து, ஒவ்வொரு மெயில்பாக்ஸின் அமைப்புகளிலும் தானாக வெளியே அனுப்பும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழைந்தவர்கள் ‘பில்’, ‘பேமெண்ட்’ என்ற சொல் உள்ள மெயில்களின் நகல் தங்களுக்கு வரும்படி விதி போட்டுவிட்டு வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பார்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். உங்கள் சொந்த டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அனுப்புநர் சரிபார்ப்புகளையும் போடச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் மற்றவர்கள் மெயில் அனுப்புவதை அவை தடுக்கும். ‘ஆர்-என்’ மாதிரி ஏமாற்று முகவரியை அவை தடுக்காது, அதற்கு மேலே சொன்ன போன்தான்.

பேக்கப். ‘எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எப்பவும் சர்வரில் மாட்டியே இருக்கு, அதனால் பயமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் மாட்டியிருப்பதுதான் பயம். பணம் பறிக்கும் ரேன்சம்வேர் உள்ளே வந்தால் டேலியைப் பூட்டும் அதே நிமிடத்தில் அந்த டிஸ்கையும் பூட்டிவிடும். கானா கணினி பிழைத்தது இணைப்பில்லாமல் கிடந்ததால்தான். இரண்டு டிஸ்க் வாங்குங்கள், சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் இன்னொன்று. பேக்கப் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே, அண்ணாச்சி வீட்டு பீரோவில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து டேலியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் என் எதிரே அழுதிருக்கிறார்கள்.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டபோது வெளிநோயாளிச் சீட்டிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுவரை எல்லாம் நாட்கணக்கில் கையால் எழுதப்பட்டன. வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. உங்கள் அலுவலகத்திலும் வைஃபை ஒன்றுதான். டிரைவர்கள், வருகிற பார்ட்டிகள், டேலி சர்வர் எல்லாம் அதிலேயே. விருந்தினருக்குத் தனி வைஃபை போட ரவுட்டரிலேயே வசதி இருக்கும்.

ரேன்சம்வேர் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் கொடுத்துவிடலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். கலோனியல் நிறுவனம் 44 லட்சம் டாலர் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்த கருவி அவ்வளவு மெதுவாக ஓடியதால், தங்கள் பேக்கப்பை வைத்தே மீள வேண்டியிருந்தது. கொடுக்குமுன், ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் அந்த வகைப் பூட்டுக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பும் டச்சுப் போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது அது.

டோக்கனும் ரிமோட்டும். ஐஸ்கேட்டில் கையெழுத்திடும் யுஎஸ்பி டோக்கன் நாள் முழுக்கக் கணினியில் செருகியிருப்பதாகவும், பின் எண் மானிட்டரில் ஒட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. அது உங்கள் முதலாளியின் கையெழுத்து. வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வையுங்கள். வீட்டிலிருந்து டேலி பார்க்கப் போட்டிருக்கும் ரிமோட் இணைப்பு இணையத்தில் நேராகத் திறந்திருந்தால், இன்றே மூடச் சொல்லுங்கள். விண்டோஸ் அசல்தானா, அப்டேட் ஆகிறதா என்றும் பாருங்கள். 2017 மே மாதம் உலகைப் புரட்டிய வான்னக்ரை ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே மருந்து கொடுத்துவிட்டது. அதைப் போடாத கணினிகளில்தான் அது புகுந்தது.

பார்ட்டிகளின் ஆதார் நகல்கள் வாட்ஸ்அப்பில் குவிந்து கிடப்பதைக் குறையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. உங்கள் மாதிரி நிறுவனத்துக்கு அவ்வளவு விழுமா என்பது வேறு விஷயம். தேவையில்லாத நகல்களை வைத்திருக்காவிட்டால் திருடுபோகவும் ஒன்றும் இருக்காது. இந்த முறை மெயில்பாக்ஸ் உடைந்தது உங்கள் பக்கம்தான் என்று தெரிந்தால், அதில் யாருடைய ஆவணங்கள் இருந்தனவோ அவர்களுக்கு அண்ணாச்சியே போன் செய்து சொல்லிவிட வேண்டும். வேறு வழியில் கேள்விப்பட்டால்தான் பார்ட்டிகள் ஓடுவார்கள்.

திட்டத்தின் கடைசித் தாளில் ஆறு வரி எழுதுங்கள். தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: 1930, நமது வங்கியின் மோசடிப் பிரிவு எண், அண்ணாச்சியின் சொந்த எண், நெட்வொர்க் வயரைப் பிடுங்கு, கணினியை அணைக்காதே, ஃபார்மட் செய்யாதே. அதன் கீழே, ‘உடனே வந்து சொன்னவர் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது’ என்ற வரிக்கு அண்ணாச்சியின் கையெழுத்தைக் கேளுங்கள். தயங்குவார். ஒன்றரை நாள் கணக்கை அவரிடம் திரும்பவும் சொல்லுங்கள்.

அவர் சம்மதிக்காமல் முத்திரைத்தாளையே நீட்டினால் எனக்குத் திரும்ப எழுதுங்கள். பணம் பிடித்த பிறகு அல்ல, பிடிக்கப்போவதாகக் கடிதம் வந்த அன்றே. கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

டிரான்ஸ்போர்ட்காரரை நாளைக் காலை பழைய எண்ணில் கூப்பிடுங்கள். அவருடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அதே ‘ஆர்-என்’ முகவரியிலிருந்து மெயில் போயிருக்கலாம்.